பச்சைக் குறிக்குப் பிறகு: எக்சர்சிசம் பயிற்சித் தளம் பற்றி

நிரலெழுதக் கற்பவர்களுக்கான தளங்கள் பலவும், விடை சரி என்று பச்சைக் குறி காட்டிய மறுகணமே அடுத்த கணக்குக்கு நம்மைத் துரத்திவிடுகின்றன. 2013-இல் கத்ரீனா ஓவன் தொடங்கிய எக்சர்சிசம், இன்று லாப நோக்கற்ற அமைப்பாக 70-க்கும் மேற்பட்ட கணினி மொழிகளில் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. அதில் எனக்குப் பயன்பட்ட பகுதி பச்சைக் குறிக்குப் பிறகுதான் தொடங்கியது. முடித்த கணக்குக்குப் பிறர் எழுதிய தீர்வுகளையும், சில கணக்குகளுக்கு வெவ்வேறு வழிகளை ஒப்பிடும் விளக்கக் கட்டுரைகளையும் அங்கே படிக்கலாம்.

பைத்தான் என்ற கணினி மொழிக்கான பிரிவின் லீப் ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு 4-ஆல் வகுபட வேண்டும்; 100-ஆலும் வகுபட்டால் 400-ஆல் வகுபட்டாக வேண்டும் (1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு). நான் முதலில் மூன்று இஃப்களை (‘இப்படி இருந்தால்’ என்று சோதிக்கும் வரிகளை) ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். விடையைச் சரிபார்க்கும் டெஸ்டுகள் அனைத்தும் தேறின. பிறகு பார்த்த ஒரு தீர்வு மூன்று நிபந்தனைகளையும் ஆண்ட் (மற்றும்), ஆர் (அல்லது) கொண்டு ஒரே வரியில் கோத்திருந்தது. 4-ஐ முதலில் சோதிப்பதால், நான்கில் மூன்று ஆண்டுகளுக்கு அந்த ஒரு கேள்வியோடு வேலை முடிந்துவிடுகிறது. இன்னொன்று 100-இல் தொடங்கி, வகுபட்டால் 400-ஐயும் இல்லையென்றால் 4-ஐயும் சோதிக்கிறது. எந்த ஆண்டுக்கும் சரியாக இரண்டு சோதனைகள். 100-ஆல் வகுபடும் எண் 25-ஆலும் வகுபடும் என்பதால், 400-க்குப் (25 × 16) பதில் 16-ஐச் சோதித்தாலே போதும் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. மூன்றாவது தீர்வு பிப்ரவரி 28-உடன் ஒரு நாளைக் கூட்டி, 29 வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. வேகத்தில் இது பின்தங்கும். ஆனால் விதியே தெரியாதவருக்கும் படித்தவுடன் புரியும். பைத்தானுடனே வரும் கேலண்டர் மாட்யூலில் (நாட்காட்டி வேலைகளுக்கான நிரல் தொகுப்பில்) இதற்கென்றே ஆயத்தமாக ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) இருப்பது வேறு கதை. அன்றாட வேலையில் நான் அதைத்தான் அழைப்பேன், பயிற்சியில் அல்ல.

விளக்கக் கட்டுரைகள் எல்லாக் கணக்குகளுக்கும் இல்லை. பிறர் தீர்வுகளோ பெரும்பாலும் குறிப்பேதுமின்றி வெறும் நிரலாகவே இருப்பதால், ஏன் இப்படி எழுதினார்கள் என்பதை நாமே துருவிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கற்பவர் இங்கே திணறக்கூடும். தன்னார்வ வழிகாட்டிகளிடம் கருத்துக் கேட்கும் வசதி உண்டு. அதைவிட, ஒரே கணக்கை எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும் முந்தைய வடிவங்கள் வரிசையாகச் சேமிக்கப்படுவதையே நான் மெச்சுவேன். லீப் ஆண்டுக் கணக்குக்கு என் பெயரில் அங்கே இப்போது ஐந்து வடிவங்கள் உள்ளன. அந்த மூன்று இஃப்களும் முதலிடத்தில் அப்படியே நிற்கின்றன.