எம்பிஆரா, ஜிபிடியா? தேர்வு எளிது, மாற்றுவதில்தான் சிக்கல்

விண்டோஸ் நிறுவும்போது "இந்த டிஸ்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் உள்ளது, நிறுவ முடியாது" என்று திரை மறுத்தால், பலர் டிஸ்க் பழுது என்றே நினைக்கிறார்கள். டிஸ்கில் ஒரு கோளாறும் இல்லை. எம்பிஆரும் ஜிபிடியும் டிஸ்க் எப்படிப் பார்ட்டிஷன்களாக (பிரிவுகளாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் பழைய, புதிய முறைகள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ், கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது. டிஸ்கோ அதற்கு முந்தைய ஃபர்ம்வேரான பயாஸுக்கு ஏற்றபடி பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸைப் பொறுத்தவரை பூட் டிஸ்கில் பயாஸ் என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியாக வேண்டும்.

எம்பிஆர் 1983-இல் டாஸ் 2.0-உடன் வந்தது. அதன் எல்லாக் குறைகளும் டிஸ்கின் முதல் செக்டாரின் (சேமிப்பின் மிகச் சிறிய துண்டு) 512 பைட்டுக்குள் அடங்கிவிடும்: பூட் கோடுக்கு 446, டேபிளுக்கு 64, கடைசி 2 அடையாளக் குறி. ஒரு பார்ட்டிஷன் பதிவுக்கு 16 பைட் என்பதால் பிரைமரி நான்குதான். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, உள்ளே லாஜிக்கல் பிரிவுகள் போட வேண்டும். இடத்தைக் குறிக்க 32 பிட் மட்டுமே இருப்பதால், வழக்கமான 512 பைட் செக்டாரில் 2 டிபியோடு கணக்கு முடிந்துவிடும். 4 டிபி டிஸ்கில் எம்பிஆர் போட்டுப் பாருங்கள்: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், சுமார் 1678 ஜிபி தொட முடியாத இன்னொரு துண்டாகவும் நிற்கும்.

ஜிபிடியில் இந்த இரண்டு எல்லைகளும் இல்லை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை போடலாம். டேபிளின் நகல் டிஸ்கின் கடைசி 33 செக்டார்களில் இருக்கும். முதல் பிரதி கெட்டதா என்று சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். எம்பிஆரில் அந்த ஒரே செக்டார் போனால் டேபிளும் போச்சு.

அப்படியானால் எம்பிஆர் எதற்கு? யூஇஎஃப்ஐ இல்லாத பழைய கணினியில் விண்டோஸ் பூட் செய்ய. ஜிபிடி தெரியாத பழைய சாதனங்களில் செருகும் பென்டிரைவுக்கு. மற்றபடி புது டிஸ்க் என்றால் யோசிக்காமல் ஜிபிடி. 2 டிபிக்குள் ஒழுங்காக ஓடும் பழைய டேட்டா டிஸ்கை மட்டும் வீணாக நோண்ட வேண்டாம்.

காலி டிஸ்கை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் ஜிபிடி டிஸ்குக்கு நேரே நட்சத்திரக் குறி தெரியும். டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன், பிறகு கன்வர்ட் ஜிபிடி. டிஸ்கின் பார்ட்டிஷன்களை அழிக்கும் கிளீன் "நிச்சயமா?" என்று கேட்காது. எண்ணை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் இருக்கும் டிஸ்கை அழிக்காமல் மாற்ற, விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு. பேக்கப் எடுத்து, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கத்தை நிறுத்திவைத்து, முதலில் வேலிடேட் (சோதனை) மட்டும் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்தால் அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற ஆப்ஷனும் சேர வேண்டும். பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தாலோ, லாஜிக்கல் ஒன்றே ஒன்று இருந்தால்கூட வேலிடேட் தோற்கும். யூஇஎஃப்ஐ பூட்டுக்குத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் புதிதாகப் போட அதற்கு இடம் வேண்டுமே!

கன்வர்ட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். பயாஸ் செட்டப்பில் சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் முறையில் பூட் ஆக உதவும் வசதி) அணைத்து யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும். யூஇஎஃப்ஐ ஆதரவில்லாத பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தால், சிஎஸ்எம் அணைந்ததும் திரை கறுத்துப்போகும். செட்டப் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் சிமாஸ் ரீசெட்தான் வழி. ஆகவே கார்டை முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது.

லினக்ஸ் இவ்வளவு கெடுபிடி காட்டாது. ஜிபிடி டிஸ்கை பயாஸிலும் பூட் செய்யும். கிரப் என்ற பூட் லோடருக்காக 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒதுக்கினால் போதும். ஜிடிஸ்க் கருவி எம்பிஆரை அழிக்காமலே ஜிபிடியாக மாற்றும். ஆனால் கடைசிப் பார்ட்டிஷன் டிஸ்கின் விளிம்புவரை போயிருந்தால் நகல் டேபிளுக்கு இடமிருக்காது, முதலில் அதை 1 எம்பி சுருக்க வேண்டும். ஜிபிடி டிஸ்கைப் பெரிய டிஸ்குக்கு அப்படியே குளோன் செய்தாலும் அந்த நகல் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஜிடிஸ்கின் எக்ஸ்பர்ட் மெனுவில் அதைக் கடைசிக்கு நகர்த்திய பிறகுதான் கூடுதல் இடத்தைப் பயன்படுத்த முடியும்.