மூளைவழிக் கற்றலும் மாணவர் மையக் கற்பித்தலும்: ஒரு பின்னக் கணக்கை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளில் மூளையின் இயல்புக்கு ஏற்பக் கற்பிக்கச் சொல்லும் ‘மூளைவழிக் கற்றல்’, குழந்தையே செய்தும் தேடியும் கற்கட்டும் என்னும் ‘மாணவர் மையக் கற்பித்தல்’ ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதுபோலச் சேர்த்தே பேசப்படுகின்றன. வகுப்பறைக்குள் இறங்கிப் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை. ஒரு பாடவேளைக்குள் புதிய கருத்தை யார் முதலில் சொல்வது, குழந்தையைத் தானாகத் தேட எவ்வளவு நேரம் விடுவது, பிழையை எப்போது திருத்துவது, படித்ததை மறுபடி எப்போது கேட்பது என்ற கேள்விகளுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஓரிரு இடங்களில் நேர்எதிரான விடைகளையே தருகின்றன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் புதிதாக இருக்கும்போது, நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகள் வலியுறுத்தும் தெளிவான நேரடி விளக்கத்தின் பக்கம் நிற்கிறேன். அது ஓரளவு பிடிபட்ட பிறகு, பொறுப்பை மாணவர் கையில் கொடுக்கும் முறையின் பக்கம் நிற்கிறேன்.

மாணவர் மையக் கற்பித்தலுக்கு ஜான் டூயி, மரியா மாண்டிசோரி, பியாஜே, வைகோட்ஸ்கி எனக் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் வளர்த்த நீண்ட மரபு உண்டு. தமிழ்நாட்டில் அது வெறும் கொள்கையாக நின்றுவிடவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அன்று அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு அதன் காட்சி நினைவிருக்கும். குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். ஆசிரியரும் தரையில் அமர்ந்திருப்பார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடும். ஒவ்வொரு குழந்தையும், பாடத்தின் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னம் பொறித்த அட்டையைத் தானே எடுத்துவந்து வேலையைத் தொடங்கும். வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே உடைந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தன் 29ஆவது பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே குழந்தை மையமாகக் கற்றல் நிகழ வேண்டும் என்று எழுதிவைத்தது. ஆகவே இந்த முறை சட்டத்தின் பின்பலமும் களத்தின் அனுபவமும் உள்ள முறை.

மூளைவழிக் கற்றலின் வரலாறு இவ்வளவு நேரானதன்று. லெஸ்லி ஹார்ட் 1983இல் மூளையின் இயல்புக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1991இல் கெய்ன் தம்பதியர் அதைப் 12 கொள்கைகளாக வகுத்தனர். ஆனால் நரம்பணுக்களைப் பற்றிய ஆய்வகச் செய்தியிலிருந்து வகுப்பறை உத்திக்கு ஒரே தாவலில் போவது இயலாது என்று ஜான் புரூயர் 1997இலேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. இன்று இந்தப் பெயரில் இரண்டு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று குழந்தைகளைப் பிரிப்பது, கண்வழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று முத்திரை குத்துவது, நம் ஊர்களில் கோடை விடுமுறை தோறும் பெற்றோரிடம் பணம் பறிக்கும் ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்பு ஆகியவை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கும் குழந்தை மூக்கோரத்து இடைவெளியில் பார்த்துத்தான் வாசிக்கிறது; நடுமூளைக்கும் அந்த வித்தைக்கும் தொடர்பில்லை. கற்கும் பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் தெளிவுபடுத்தினர். ஆயினும் 2012இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அந்தக் கற்கும் பாணிக் கருத்தை நம்பினர். இந்தச் சரக்கை ஒப்பீட்டுக்குக்கூட எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது சரக்குக்கு மூளையின் படமே தேவைப்படுவதில்லை. நினைவைப் பற்றிய உளவியல் அது. பயிற்சி வகுப்பின் சிலைடில் வண்ண வண்ணமாக ஒளிரும் மூளையைவிட அடக்கமானது, பயனும் அதற்குத்தான் கூடுதல். எபிங்ஹாஸ் 1885இலேயே மறதியின் வேகத்தை அளந்து காட்டினார். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் நடத்திய சோதனையில் மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. கணக்கிலும் இதே கதைதான். ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளை அடுக்கடுக்காகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தனர். வகைகளைக் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்வில் முன்னவர் 20 விழுக்காட்டுக்கு இறங்கினர். பின்னவர் 63 விழுக்காட்டில் நின்றனர். இவற்றோடு, ஒரே சமயத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்ற கோவனின் முடிவையும், புதிய கற்போர் அந்தச் சிறிய இடத்தைத் தேடலிலேயே செலவழித்துவிடுகின்றனர் என்ற ஸ்வெல்லரின் சுமைக் கோட்பாட்டையும் சேர்த்துக்கொண்டால், ஒப்பிடத்தக்க ஒரு கற்பித்தல் முறை கிடைத்துவிடுகிறது.

இப்போது ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் நடுநிலை வகுப்பில் பலர் 2/5 என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிடுகிறார்கள். மாணவர் மைய வகுப்பில் ஆசிரியர் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தாள் பட்டைகளைக் குழுவுக்கு ஒரு கட்டாகக் கொடுத்து, விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடுகிறார். நன்றாக நடந்தால் இதைப்போல ஒரு வகுப்பு இல்லை. அரைப் பட்டை 6 சென்டிமீட்டர், மூன்றில் ஒரு பங்கு 4 சென்டிமீட்டர், இரண்டையும் ஒட்டினால் 10. ஆனால் 2/5 என்பது 4.8 சென்டிமீட்டர்தான். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தும் அரையைவிடக் குறைந்துபோனது எப்படி என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அந்த ஆண்டு முழுவதற்கும் பின்னம் அதன் கையில் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், குழுவுக்கு ஒரு குழந்தைதான் இதைக் கேட்கிறது. மற்றவர்களில் ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் வண்ணம் தீட்டுகிறார், ஒருவர் பசைக்காகக் காத்திருக்கிறார். மணி அடிக்கும்போது நான்கு பேரின் ஏட்டிலும் ஒரே விடை இருக்கும். நினைத்தவர் ஒருவராகத்தான் இருப்பார். எதைப் பற்றி மனம் உழைத்ததோ அதுவே நினைவில் தங்கும் என்பதால், பசைக்குக் காத்திருந்தவருக்குப் பசைதான் தங்குகிறது.

நினைவு ஆய்வின் வழியில் நடக்கும் வகுப்பில் அதே பட்டைகள் ஆசிரியர் கையில் இருக்கும். அவர் 2/5 என்ற பிழையான விடையைத் தாமே பலகையில் எழுதி, பட்டையால் அளந்து, அது அரையைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டுகிறார். பிறகு இரண்டு பின்னங்களையும் ஆறில் பங்குகளாக மாற்றி 3/6, 2/6 என்று எழுதிக் கூட்டி 5/6 என்று முடிக்கிறார். அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் மாணவர் எழுதுகிறார். அதற்கடுத்ததில் இரண்டு படிகள். நான்காவது கணக்கு முழுவதும் மாணவருடையது. மறுநாள் வகுப்பு தொடங்கும்போது ஏட்டைத் திறக்காமல் ஒரே ஒரு பின்னக் கணக்கு. அடுத்த வாரம் தசமக் கணக்குகளுக்கு நடுவே மறுபடியும் ஒன்று. பார்ப்பதற்கு இந்த வகுப்பு சுவையற்றது. மேற்பார்வைக்கு வரும் அலுவலர் படமெடுக்க இங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தை நான்காவது கணக்கைத் தானே போட்டாக வேண்டும். அதற்கு ஒளிந்துகொள்ளக் குழு இல்லை.

இந்த இரண்டு வகுப்புகளுக்கும் இடையிலான வழக்கு ஆய்வுலகிலும் நடந்திருக்கிறது. குறைந்த வழிகாட்டலோடு கற்பிப்பது ஏன் பலிப்பதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதினர். ஒரு சிக்கலைக் கொடுத்து அதைத் தீர்க்கும் வழியே கற்கவைக்கும் சிக்கல் சார்ந்த கற்றலில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது, அதைத் தேடலோடு சேர்த்து அடிப்பது நியாயமன்று என்று மறு ஆண்டே மறுப்பு வந்தது. 2011இல் அல்ஃபியேரி குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரு தரப்பும் பாதி சரி என்று தெரிந்தது: துணையின்றித் தானாகக் கண்டறியவிட்ட வகுப்புகளை நேரடி விளக்கம் வென்றது, ஆனால் தூண்டுகேள்விகளும் உடனடித் திருத்தமும் சேர்ந்த கண்டறிதல், பிற முறைகளைவிட நல்ல பலன் தந்தது. மாணவர் மையம் என்பதை ஆசிரியர் ஒதுங்கி நிற்பது என்று புரிந்துகொள்ளும் இடத்தில்தான் அந்த முறை தோற்கிறது. ஐயமின்றிச் சொல்லக்கூடிய முடிவு இந்த வழக்கில் இது ஒன்றே.

நினைவு ஆய்வின் தரப்பிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அச்சமில்லாமல் பேசும் வகுப்பை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றி அதனிடம் சொல்ல அதிகமில்லை. வீட்டில் பள்ளிக்குப் போன முதல் தலைமுறைக் குழந்தை, ஆசிரியரைப் பார்த்துக் கேள்வி கேட்கத் துணிவது ஒரு கல்விச் சாதனை. அதை நினைவுகூர்தல் பயிற்சி பெற்றுத்தராது, பாயில் அருகே அமர்ந்த ஆசிரியர் பெற்றுத்தந்தார். மொழிப்பாடத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. செய்யுளை மனப்பாடமாக ஒப்பிப்பவரைவிட, சொந்த ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பத்து வாக்கியம் தானாகச் சொல்லும் குழந்தை மொழியை அதிகமாகவே பயன்படுத்துகிறது. இங்கே நேரடி விளக்கத்தை நீட்டுவது வீண்.

மதிப்பீட்டில் இரண்டும் சந்தித்திருக்க வேண்டும், சந்திக்கவில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் கற்கும்போதே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. அந்த 40இல் ஒரு பாதி செயல்பாடுகளுக்கும் மறு பாதி சிறுதேர்வுகளுக்கும் போனது. முன்பாதி மாணவர் மையத்தின் பங்கு, பின்பாதி நினைவுகூர்தலின் பங்கு என்று காகிதத்தில் அழகாகவே இருந்தது. நடைமுறையில் செயல்பாடு என்பது கடையில் வாங்கி ஒட்டிய படத்தாளாகவும், சிறுதேர்வு என்பது பதிவேட்டில் ஏற்ற வேண்டிய எண்ணாகவும் பல இடங்களில் சுருங்கிப்போயின. நினைவுகூர்தல் பலன் தருவது அது மதிப்பெண்ணுக்காக நடக்காதபோதுதான் என்று நினைக்கிறேன். தவறினால் ஒன்றும் குறையாது என்று தெரிந்தால்தான் குழந்தை தன் மறதியை ஒளிக்காமல் காட்டும்.

வயதும் முன்னறிவும் ஏறும்போது தராசு மாணவர் பக்கம் சாய்கிறது. தொடக்கநிலையில் உதவிய படிப்படியான விளக்கம், நன்கு தெரிந்தவருக்கு இடையூறாகவே மாறும் என்று காலியுகா முதலிய சுமைக் கோட்பாட்டு ஆய்வாளர்களே காட்டியுள்ளனர். கல்லூரி அளவில் அறிவியலும் கணிதமும் கற்றோரைப் பற்றிய 225 ஆய்வுகளை 2014இல் ஃப்ரீமன் குழுவினர் தொகுத்தபோது, வெறும் விரிவுரையில் 33.8 விழுக்காடாக இருந்த தோல்வி, மாணவர் ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுதிப்போடுவதும், கைடிலுள்ள விடையை வரி பிசகாமல் எழுதவைப்பதும் இவ்விரு முறைகளில் எதற்கும் பொருந்தாதவை.

இத்தனையும் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கில் சொன்னவை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் ஈராசிரியர் பள்ளியில் முறையைத் தேர்ந்தெடுக்க இடமே கிடையாது. ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் முறைப்படி நேரடி விளக்கம் தர இயலாது. குழந்தைகள் தாமாகச் செய்யும் வேலை அங்கே கொள்கை அன்று, தேவை. 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுதான். அத்தகைய பள்ளியில் நினைவு ஆய்வை நுழைக்க வேண்டிய இடம் ஆசிரியரின் பேச்சு அன்று, குழந்தையின் அட்டையும் பயிற்சி நூலும்தான். ஏணி மேலே ஏறும் வழியைக் காட்டுகிறது. ஏறிவந்த படி இன்னும் நினைவிருக்கிறதா என்று கேட்பது ஆசிரியரின் பொறுப்பாகவே நிற்கிறது. பத்தாவது வேலையை முடித்த குழந்தை பதினொன்றாவதை எடுக்குமுன், இரண்டாவதிலிருந்து ஒன்றும் ஆறாவதிலிருந்து ஒன்றுமாக இரண்டு கேள்விகளுக்குப் பார்க்காமல் விடையெழுதிவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பித் தானே சரிபார்த்துக்கொள்ளும்படி ஒரு சிறு அட்டையை இடையில் செருகிவிடலாம். அதற்கு ஒரு தடித்த தாளும் ஒரு பேனாவும் போதும். வட்டார வள மையத்திலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.