அட்டை டிக்கெட்டா, பித்தளை விளக்கா? ரயில் கம்பெனிகள் காலத்துப் பொருள் சேர்க்க நினைப்பவர்களுக்கு

எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம். என்ற எழுத்துகளை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுகிறவர்கள் நம்மில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சவுத் இந்தியன் ரயில்வே 1874-ல் உருவான கம்பெனி. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908-ல் வந்தது. 1944-ல் அரசாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனபோது பழைய பெயர்கள் போயின. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: இருக்கிற காசுக்கு விளக்கு, ஊழியர்கள் சட்டையில் அணிந்த வில்லை என்று பித்தளை வாங்குவதா, டிக்கெட், டைம்டேபிள் என்று காகிதம் வாங்குவதா?

பித்தளைக்கு இருக்கிற கவர்ச்சியை நான் மறுக்க மாட்டேன். ரயில் கார்டு கையில் பிடித்த மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து, உள்ளே இருக்கிற வண்ணக் கண்ணாடியைத் திருகிச் சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் பார்க்கும்போது கிடைக்கிற சந்தோஷத்தை எந்த அட்டைத் துண்டும் தராது. கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் கறுக்குமே தவிரக் கெட்டுப்போகாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, போலி. கம்பெனி எழுத்துப் போட்ட போர்ட்டர் வில்லைகளைப் புதிதாக வார்த்து, ரசாயனம் பூசிக் கறுக்கவைத்து விற்கிறார்கள். வில்லையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வருஷக்கணக்கில் சட்டைத் துணியில் உரசிய வில்லை பின்னால்தான் முதலில் வழவழப்பாகும். முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். எழுத்தையும் வருஷத்தையும் பொருத்திப் பாருங்கள். ‘எஸ்.ஆர்.’ என்று பொறித்து 1930 என்று போட்டிருந்தால் அது நம் தெற்கு ரயில்வே பொருளாக இருக்க வழியே இல்லை. இங்கிலாந்தில் 1923 முதல் 1947 முடிய அதே பெயரில் ஒரு கம்பெனி இருந்தது. அந்த விளக்குகளும் சுற்றில் உண்டு.

இரண்டாவது, சட்டம். ரயில்வே சொத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பது பற்றிய 1966-ஆம் வருஷச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால், அது முறையாகத்தான் வந்தது என்று நாம் காட்ட வேண்டும்; முடியாவிட்டால் ஐந்து வருஷம் வரை சிறை. ஆகவே ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் ஒற்றைப் பாதையில் போக டிரைவரிடம் கொடுக்கிற டோக்கன் உருண்டையையோ சிக்னல் சாமானையோ வாங்காதீர்கள். காயலான் கடையில் கிடைத்தது என்பது பதில் ஆகாது.

ஸ்டேஷன்களில் மாட்டியிருந்த எனாமல் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனம், இடம் அடைக்கும், ஒரு முனை சில்லு தெறித்தால் அந்த வழியாகத் துரு உள்ளே நுழைந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நின்று பார்த்து ரசித்துவிட்டு வருவதோடு சரி.

இனி அட்டை டிக்கெட். இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் தாமஸ் எட்மண்ட்சன் 1830-களின் கடைசியில் வரிசை எண் போட்ட அட்டையைக் கொண்டுவந்தார். சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். எந்த ஸ்டேஷன், எங்கே போக, எந்த வகுப்பு, எவ்வளவு கட்டணம், எத்தனையாவது டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்கும். ஓரத்தில் தேதி அழுத்தியிருக்கும். பரிசோதகர் கத்தரித்த ஓட்டையும் இருக்கும். விளக்கைப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். டிக்கெட்டைப் பார்த்தால் ஒரு மனிதர் ஒரு நாள் எங்கிருந்து எங்கே போனார் என்று தெரியும். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் கடந்து, மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர ஒரே டிக்கெட் வாங்கலாம் என்றிருந்த காலம் அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஸ்டேஷனே போய்விட்டது. அந்த ஊர்ப் பெயர் அச்சான ஒரு சின்ன அட்டைக்கு முன்னால் எந்தப் பித்தளை விளக்கையும் நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

இறங்கும் ஊரில் வாசலிலேயே டிக்கெட்டை வாங்கிக்கொண்டுவிடுவார்கள். பயணம் முடிந்த டிக்கெட் வீட்டில் தங்கியது அரிது. அரிது என்பதாலேயே விலையை ஏற்றிக் கேட்பார்கள். பிளாட்பார டிக்கெட்டுகளில் தொடங்குவது பர்ஸுக்கு நல்லது. சென்னையில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் எரிந்துபோயிற்று, அந்த மனையில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது.

காகிதத்தின் பலவீனம் பாதுகாப்பில்தான். ஈரம், இராமபாணப் பூச்சி, வெயில் மூன்றும் அதற்கு எமன். ஆனால் பூச்சியைவிட நாம் செய்கிற கெடுதல் அதிகம். பல வருஷங்களுக்கு முன் நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு பழைய டைம்டேபிளின் பக்கங்களை லேமினேட் செய்யக் கொடுத்தேன். சூட்டில் தாள் பழுப்பேறி, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. இனி எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. இன்றும் அதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், பி.வி.சி. ஆல்பமும் வேண்டாம். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத தாள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்ற மறக்கக் கூடாது.

பித்தளை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராஸோ பாலிஷும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் கரைகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, மெழுகை மெல்லிசாகப் பூசினால் போதும். உள்ளே படிந்த கரி அப்படியே இருக்கட்டும். அந்த விளக்கு எரிந்ததற்கு அதுதான் சாட்சி.

ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் விளக்கு வீட்டிலேயே இருந்தால் இந்த ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. அதை வைத்துக்கொள்ளுங்கள், அவர் வேலை பார்த்த ஸ்டேஷன்களை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் என் ஓட்டு டிக்கெட்டுக்கு. வாங்கியதும் உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்: யாரிடம் கிடைத்தது, எந்த ஊரில், எந்தத் தேதியில். டிக்கெட்டின் மேல் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லையென்றால், நீங்கள் நடமாட்டமாக இருக்கும்போதே சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்திலோ திருச்சியில் இருப்பதிலோ கேட்டுப்பாருங்கள். அங்கேயும் அந்த உறையோடுதான் கொடுக்க வேண்டும்.