செயலியா, தளமா, சந்தாவா? ஒரு நகர்ச் சங்கத்தின் கணக்கு

மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையை ஒட்டிய எங்கள் நகரில் 312 வீடுகள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதச் சந்தா 150 ரூபாய். அதை வசூலித்து ரசீது கொடுக்க வேண்டும், சமுதாயக் கூடத்துக்குத் தேதி பதிவு செய்ய வேண்டும், எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். கணினி தேவைப்படுகிற வேலை எங்களுக்கு இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்காக இரண்டு முறை பணம் செலவழித்திருக்கிறோம். 2019-இல் செலவழித்தது தண்ணீரில் போனது. 2024-இல் செலவழித்தது இன்றுவரை நிற்கிறது. இரண்டு முறையும் கொட்டேஷன் வாங்கி வந்தவன் நான்தான் என்பதால், முதலாவதற்கான வசவும் எனக்கே வந்தது.

இரண்டாம் முறை செயற்குழுவின் மேசையில் நான்கு வழிகள் இருந்தன. வாட்ஸ்அப்பும் கூகுள் ஷீட்டுமாகச் செலவில்லாமல் ஓட்டுவது. மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் ஆயத்தச் செயலி. எங்களுக்கென்றே ஓர் ஆண்ட்ராய்டு செயலி. எங்களுக்கென்றே ஒரு சிறிய இணையதளம். நாங்கள் நான்காவதை எடுத்தோம். நான் அதன் கட்சிக்காரன் என்பதை மனதில் வைத்தே மற்றதைப் படியுங்கள்.

செலவில்லாத வழியைக் கேவலமாகப் பேச மாட்டேன். நூறு வீட்டுக்குள் இருக்கும் சங்கங்கள் அதோடு நின்றுகொள்ளலாம், இந்தக் கட்டுரையை மேலே படிக்கக்கூடத் தேவையில்லை. எங்களிடம் அது இடறியது ஷீட்டைத் திருத்தும் உரிமை மூன்று பேரிடம் இருந்ததால். ஒருவர் பெயர்கள் இருந்த வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, பணம் நகரவில்லை. ஒரு வருடமாகச் சந்தாவே கட்டாத வீட்டுக்காரர் ஒரே நாளில் முன்பணம் கட்டியவராகிவிட்டார். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி அதிலேயே இருக்கிறது என்பது தெரிவதற்குள் இரண்டு நாள் போய், நான்கு பேரோடு வாய்த்தகராறும் முடிந்திருந்தது.

ஆயத்தச் செயலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வாசலில் கேட்டும் காவலாளியும் உள்ள அடுக்ககங்களுக்காகச் செய்தவை. எங்களுக்குக் கேட்டே கிடையாது. நகருக்குள் வர ஏழு வழி இருக்கிறது, மாடுகள் எட்டாவது வழியிலும் வரும். வெள்ளோட்டம் பார்த்த ஒன்றில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகரவே முடியவில்லை. இனிஷியலைப் போட்டோம். மாதிரி ரசீது ‘அன்புள்ள கா.’ என்று தொடங்கியது. சிரித்துவிட்டுக் கணக்கைப் பார்த்தோம். வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் என்றார்கள். கேட்கும்போது ஒன்றுமில்லாத தொகைதான். 312 வீட்டுக்குப் பன்னிரண்டு மாதம் பெருக்கினால் 37,440. மேலே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 44,000-ஐத் தாண்டுகிறது. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் எங்கள் ஆண்டு வசூல் 5,61,600 ரூபாய். அதில் கிட்டத்தட்ட 8 விழுக்காடு, ஒவ்வோர் ஆண்டும், வசூலித்ததை எழுதி வைப்பதற்கே. ஐநூறு வீட்டு அடுக்ககமாக இருந்து, மாதப் பராமரிப்புத் தொகையும் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதே 10 ரூபாய் உறைக்காது. அவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும்.

இனி, நாங்கள் சூடு கண்ட வழி.

2019-இல் ஆண்ட்ராய்டு செயலி என்றால் சங்கத்துக்கே ஒரு மதிப்பு வந்துவிடும் என்று நினைத்தோம். பொறியியல் படித்து முடித்திருந்த ஓர் இளைஞர் 40,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பொங்கல் விழாவில் எல்லார் போனிலும் நிறுவினோம், கைதட்டினோம். ஒன்றரை வருடத்தில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சியோடு வழியனுப்பினோம், செயலியும் அவரோடு பஸ் ஏறிவிட்டது தெரியாமல்.

பிளே ஸ்டோரில் அது அவருடைய சொந்தக் கணக்கில் இருந்தது. கணக்கு தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். அந்த 25 டாலரை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று அவர் சொன்னதை நாங்கள் உதவியாக எடுத்துக்கொண்டோம். ஆனால் கூகுள் ஆண்டுதோறும் எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டே போகும். எடுத்துக்காட்டாக, 2025 ஆகஸ்டு 31 முதல் புதிய செயலிகளும் திருத்திய பதிப்புகளும் ஆண்ட்ராய்டு 15-க்கு ஏற்றபடி இருந்தாக வேண்டும் என்றது. திருத்தாமல் கிடக்கும் பழைய செயலி ஸ்டோரிலிருந்து உடனே நீக்கப்படுவதில்லை. அதை முன்பு நிறுவியிராத கூகுள் கணக்கோடு புதிய போனில் தேடினால் கண்ணில் படாது, அவ்வளவுதான். எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போனையும் அதோடு கூகுள் கணக்கையும் மாற்ற மாற்ற, செயலி ஒவ்வொரு வீடாகக் காணாமல் போனது. யாரும் அதைப் பழுது என்று சொல்லவில்லை. தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த இளைஞரை அழைத்தோம். கணக்கை மாற்றித்தர அவர் தயார். பிளே ஸ்டோரில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செயலியை மாற்றவும் முடியும். ஆனால் அந்தக் காலத்துச் செயலிகள் பலவற்றில், திருத்திய பதிப்பை ஏற்றுவதற்கான கையொப்பச் சாவி என்ற ஒரு கோப்பு, செய்தவரின் கணினியில் மட்டுமே இருக்கும். அது தொலைந்தால் அந்தச் செயலியைப் பிறகு திருத்தவே முடியாது. வேறொரு செயலியாகப் புதிதாய் ஏற்றி, எல்லோரையும் மறுபடி நிறுவச் சொல்ல வேண்டும். அவர் அந்த மடிக்கணினியை விற்றுவிட்டிருந்தார். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வரும் புதிய செயலிகளுக்குச் சாவியை கூகுளே வைத்துக்கொள்கிறது, ஆகவே இந்த ஆபத்து இப்போது குறைந்திருக்கிறது. மற்றவை கூடியிருக்கின்றன. தனிநபர் பெயரில் புதுக் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்த பிறகே செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் பெயரில் என்றால், நிறுவனங்களை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் என்ற எண் வாங்க வேண்டும். ஐபோனுக்கும் வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். எங்கள் நகரில் ஐபோன் இருப்பது பதினொரு வீட்டில். பொதுக்குழுவில் உரத்துப் பேசுகிறவர்களும் அந்தப் பதினொரு வீட்டுக்காரர்கள்தான்.

செயலியே வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. சிக்னல் கிடைக்காத கிராமங்களில் விடிகாலையில் பால் அளந்து குறிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும், வண்டி எங்கே வருகிறது என்று நொடிக்கு நொடி காட்ட வேண்டியவர்களுக்கும் செயலிதான் சரி என்று தோன்றுகிறது. அப்படி ஒன்றை நடத்திப் பார்த்தவனில்லை நான். மாதம் ஒரு முறை 150 ரூபாய் கட்டுவதற்கு அது தேவையில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி.

நாங்கள் எடுத்த நான்காவது வழி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. மதுரையிலேயே இரண்டு பேர் நடத்தும் சிறு நிறுவனம், 38,000 ரூபாய், ஐந்து பக்கங்கள். உறுப்பினர் கதவு எண்ணையும் நான்கு இலக்க ரகசிய எண்ணையும் தட்டினால் நிலுவைத் தொகையும் அதே தொகை பதிந்த கியூ.ஆர். படமும் வரும். பணம் நேரே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு யு.பி.ஐ. வழியே போகிறது, இடையில் கமிஷன் இல்லை. கட்டியவர் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணை உள்ளிடுகிறார். பொருளாளர் வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டு ஒரு டிக் போட்டால் ரசீது தயார். அந்த ஒப்பிடுதலும் தானாக நடக்கும்படி செய்யலாம், கூடுதலாக 15,000 ஆகும் என்றார்கள். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பொருளாளர், “அப்படியானால் நான் எதற்குத் தம்பி?” என்று கேட்டார். அந்த 15,000 மிச்சம்.

ரகசிய எண் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும் என்றுதான் முதலில் கேட்டோம். குறுஞ்செய்தி அனுப்புவதானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, இப்படி அனுப்புவோரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. தளத்தில் சங்கத்தைப் பதிவு செய்து, அனுப்பப்போகும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு ஒவ்வொரு செய்திக்கும் காசு என்று விளக்கினார்கள். நான்கு இலக்க எண்ணை அச்சடித்துப் பொங்கல் நாட்காட்டியோடு வீடு வீடாகக் கொடுத்தோம். ஐந்து முறை தவறாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். செலவு, ஒரு ரீம் தாள்.

தளத்தை போனின் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் செயலி மாதிரியே ஒரு படம் உட்கார்ந்துகொள்கிறது. ஐபோனிலும் அப்படியே. முக்கால்வாசிப் பேர் அதைச் செயலி என்றே அழைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. ஸ்டோர் இல்லை, பதிப்பு இல்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் அடுத்த நிமிடம் 312 வீட்டிலும் திருந்திவிடுகிறது.

ஆனால் இதிலும் சாவியைத் தொலைக்கலாம். கொட்டேஷன்களில் நான் விலைக்கு முன்னால் படிப்பது இப்போது இந்தப் பகுதியைத்தான். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில்? சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், செய்து கொடுக்கிறவர் பெயரில் அல்ல, செயலாளர் பெயரிலும் அல்ல. செயலாளர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். எங்கள் பழைய மின்னஞ்சலை மீட்க முயன்றபோது ஓ.டி.பி. முன்னாள் செயலாளரின் போனுக்குப் போனது. அவர் மகனோடு கோவையில் இருக்கிறார், மதியம் இரண்டு முதல் நான்கு வரை தூங்குவார். நாங்கள் முயன்றது இரண்டரை மணிக்கு. அதன் பிறகு சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கினோம். அலுவலகத்தில் இருக்கும் பட்டன் போனில் அது கிடக்கிறது.

அடுத்தது மூல நிரல், அதாவது தளத்தை இயக்கும் நிரல் வரிகள். பணம் கொடுத்தோம், ஆகவே நம்முடையது என்று நினைப்பது தவறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருள் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. ரசீது போடும் நிரலும் இலக்கியம்தான்! வெளியாளிடம் கொடுத்துச் செய்தால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை எழுதியவரிடமே இருக்கும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவர் மூன்றாவது தெருவில் குடியிருக்கும் வழக்கறிஞர். அவருக்குக் கட்டணமாக ஒரு காபி கொடுத்தோம். நிறுவனத்தாரும் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டார்கள். சுளித்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்போம்.

என்ன தொழில்நுட்பம் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே அளவுகோல்: இவர்கள் நாளை கடையை மூடினால், மதுரையிலேயே இன்னொருவரால் இதைத் திறந்து படிக்க முடியுமா? பி.எச்.பி. என்ற நிரல்மொழியும் மைசீக்குவல் என்ற தரவுத்தளமும் என்றார்கள். பழைய சரக்கு என்று ஐபோன் வீட்டு இளைஞர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். பழைய சரக்குக்குத்தான் ஊரெல்லாம் மெக்கானிக் இருப்பார்கள்.

ஆண்டுச் செலவு இப்போது டொமைன், தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை (ஹோஸ்டிங்), ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) எல்லாம் சேர்த்து 11,000-க்குள். ஏ.எம்.சி. என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எங்களுடையதில் எத்தனை நாளுக்குள் பழுது பார்ப்பது, ஆண்டுக்கு எத்தனை சிறு மாற்றம் இலவசம், மாதம் பிறந்தால் முழுக் கணக்கும் எக்ஸெல் கோப்பாகப் பொருளாளருக்கு வர வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. அவர் அதை அச்செடுத்து நூல் கோத்துக் கட்டி வைக்கிறார். கணினியில் இருப்பதை ஏன் தாளில் எடுக்கிறீர்கள் என்று முன்பு கேட்பேன். பழைய செயலி கைவிட்டுப் போன பிறகு கேட்பதில்லை.

இந்தப் புகழ்ச்சிக்கெல்லாம் அடியில் இருப்பது பதினான்கு மாத அனுபவம் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு பேர் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை இன்னும் பார்க்கவில்லை. பேக்கப்பிலிருந்து தளத்தை முழுவதுமாக மீட்டெடுத்துப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் அவர்களே செய்து காட்டியது. கடவுச்சொற்களை எல்லாம் எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டு, ரசீதுப் புத்தகங்கள் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். அடுத்த தேர்தலில் புதிய செயலாளர் அந்த உறையைப் பிரித்து எல்லாவற்றையும் திறக்க முடிந்தால்தான் நான் செய்தது சரியா என்று தெரியும்.

பழைய செயலி இன்னும் ஐந்தாறு போன்களில் இருக்கிறது. சர்வர் நின்றுபோனதால் கடைசியாகக் காட்டிய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது தெருப் பெரியவர் ஒருவர் அதை நீக்க மறுக்கிறார். ரசீதோடு போனால் போனை நீட்டுவார். அதன்படி அவருக்கு நிலுவை எதுவும் இல்லை.