கோட்டையூர் ஈபிபிஎஃப் ஹேக்கத்தான் எப்படி இருந்துச்சு? போலாமா?

காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்ல ஒரு பழைய செட்டியார் வீட்டுல ரெண்டு நாள் ஈபிபிஎஃப் (லினக்ஸோட மையமான கர்னலை மாத்தாமயே அதுக்குள்ள நம்ம சின்ன புரோகிராமை ஓட்டுற வசதி) ஹேக்கத்தான் நடந்துச்சு, போயிட்டு வந்தேன், எப்படி இருந்துச்சுன்னு நிறைய பேரு கேட்டாங்க அதனால விவரமாவே எழுதிடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், லினக்ஸ் சர்வர் பாக்குறவங்க, நெட்வொர்க் வேலை பாக்குறவங்க, இன்ஜினியரிங் படிக்கிற பசங்க, யாரா இருந்தாலும் அடுத்த தடவை வச்சாங்கன்னா கண்டிப்பா போங்க. பரிசுக்காகச் சொல்லல, அங்க மார்க் போட்ட முறைக்காகச் சொல்றேன். உங்க கோடு உங்க லேப்டாப்ல ஓடுனா அங்க பத்தாது. பக்கத்து டீமோட லேப்டாப்ல, வேற கர்னல் வெர்ஷன்ல, புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணாம, திரும்ப கம்பைல் பண்ணாம ஓடணும். ஓடுனாத்தான் டெமோவுக்கே கூப்புட்டாங்க.

இது ஏன் பெரிய விஷயம்னா, கர்னல் உள்ள தகவலை அடுக்கி வச்சிருக்குற ஸ்ட்ரக்ச்சர் எல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், இன்னைக்கு ஒரு ஃபீல்டு இருக்குற இடத்துல நாளைக்கு வேற ஃபீல்டு இருக்கும். முன்னாடி பிசிசிங்கற ஈபிபிஎஃப் டூல் வச்சு எழுதுனா ஓடுற ஒவ்வொரு மெஷின்லயும் கிளாங் கம்பைலர், கர்னல் ஹெடர்னு எல்லாத்தையும் ஏத்தி அங்கேயே கம்பைல் ஆகணும். இப்ப பிடிஎஃப்னு கர்னலே தன்னோட டைப் விவரத்தை எல்லாம் கூடவே வச்சுக்குது, லிப்பிபிஎஃப்ங்கற லைப்ரரி புரோகிராமை லோடு பண்றப்ப அதைப் பாத்து ஒவ்வொரு ஃபீல்டும் இருக்குற இடத்தை (ஆஃப்செட்) சரி பண்ணிக்கும், இதைத்தான் கோ-ரீ, அதாவது ஒரு தடவை கம்பைல் பண்ணி எங்கேயும் ஓட்டுறதுன்னு சொல்றாங்க. இதைப் பரிசுக்கான கண்டிஷனாவே வச்சதுனால எல்லாரும் கத்துக்கிட்டே ஆக வேண்டியதாயிடுச்சு, ரொம்ப நல்ல முடிவு அது.

முதல் நாள் காலையில ஸ்லைடு போட்டு அறுக்கல. மென்ட்டர் ஒருத்தரு டிசிபிடம்ப்ல (நெட்வொர்க் பாக்கெட்டைப் புடிச்சுக் காட்டுற டூல்) மைனஸ் டி போட்டு ஓட்டுனாரு, நாங்க தினமும் அடிக்கிற ஃபில்டர் பின்னாடி குட்டி குட்டி இன்ஸ்ட்ரக்ஷனா மாறி ஸ்கிரீன்ல வந்துச்சு. இத்தனை வருசமா டிசிபிடம்ப் யூஸ் பண்றேன், அதுக்குள்ள ஒரு சின்ன மெஷினே ஓடுதுன்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். 1992ல லாரன்ஸ் பெர்க்லி லேப்ல ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் பாக்கெட்டை வடிகட்ட எழுதுன பிபிஎஃப்தான் அது, 2014 கடைசியில வந்த 3.18 கர்னல்ல அலெக்சி ஸ்டாரோவாய்டோவ் வேலையால அதையே பெருசா விரிச்சு ஈபிபிஎஃப்பா கொண்டு வந்தாங்கன்னு சொல்லிட்டு நேரா வேலைக்கு அனுப்பிட்டாரு.

நான் ஒரு கேபிள் நெட் கம்பெனியில நெட்வொர்க் பாக்குறேன். சாயங்காலம் ஆனா பில் கட்டுற பேஜ் சுத்திக்கிட்டே இருக்குன்னு கஸ்டமர் போன் மேல போன் போடுவாங்க, சர்வர்ல பாத்தா சிபியூ சும்மா இருக்கும், லோடே இருக்காது. அதைத்தான் எங்க டீமுக்குப் பிரச்சனையா எடுத்துக்கிட்டோம். டிசிபி ஒரு பாக்கெட்டைத் திரும்ப அனுப்புறப்ப எல்லாம் கர்னல்ல டிரேஸ்பாயின்ட்னு ஒரு கண்காணிப்புப் புள்ளி அடிக்கும், அதைப் புடிச்சு எந்த ஐபிக்கு எத்தனை ரீடிரான்ஸ்மிட் போகுதுன்னு ஒரு மேப்ல (கர்னல் உள்ள இருக்குற கணக்கு அட்டவணை) எண்ணிக்கிட்டே வந்தா போதும், பள்ளத்தூர் புதுவயல் கண்டனூர்னு ஏரியாவுக்கு ஒரு ஐபி பூல் எங்ககிட்ட இருக்கறதால எந்தப் பக்க லைன் அடி வாங்குதுன்னு தெரிஞ்சுரும். பிபிஎஃப்டிரேஸ்னு ஒரு டூல்ல இது ஒரே வரி, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நம்பர் வந்துருச்சு. டிசிபிடம்ப்லயும் இதைக் கண்டுபுடிக்கலாம், ஆனா மொத்த பாக்கெட்டையும் புடிச்சு டிஸ்க்குல போட்டு அப்புறம் அலசணும், இங்க கர்னலே எண்ணி வச்சுக்கிட்டு வெறும் நம்பரை மட்டும் மேல குடுக்குது. டெஸ்ட்டுக்கு ரெண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸை (ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி நெட்வொர்க்) வெத்ங்கற வெர்ச்சுவல் கேபிள் போட்டு இணைச்சு, நெட்எம்ங்கற டூல்ல அஞ்சு பர்சன்ட் பாக்கெட்டை வேணும்னே தொலைக்க வச்சோம், எண்ணிக்கை கூடிக்கிட்டே போச்சு. மென்ட்டர் ஒண்ணு சொன்னாரு, "அண்ணே இது பாக்கெட் தொலையுதுன்னு மட்டும்தான் சொல்லும், எந்த இடத்துல தொலையுதுன்னு சொல்லாது, அதை மனசுல வச்சுக்கங்க." சரியான வார்த்தை, லைன்மேனை அனுப்புறதுக்கு முன்னாடி நான் இப்ப அதை நெனச்சுப் பாக்குறேன்.

மென்ட்டர்களைப் பத்தி தனியாச் சொல்லணும். எர்ரர் வந்துச்சுன்னு கூப்புட்டா கீபோர்டை வாங்கி அவங்க அடிக்க மாட்டாங்க. வெரிஃபையர் (புரோகிராம் பத்திரமானதான்னு ஓடுறதுக்கு முன்னாடி செக் பண்ற கர்னல் பகுதி) லாக்கை மேலேர்ந்து கீழ வரைக்கும் சத்தமா வாசிக்கச் சொல்வாங்க. பக்கத்து டீம் தம்பிங்க எக்ஸ்டிபில (பாக்கெட் நெட்வொர்க் கார்டுலேர்ந்து வந்ததுமே ஈபிபிஎஃப்ல பாக்குற இடம்) பாக்கெட்டை டிராப் பண்ற புரோகிராம் எழுதுனாங்க, ஈதர்நெட் ஹெடரைப் படிக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட் அவ்வளவு நீளம் இருக்கான்னு செக் பண்ணல, உடனே வெரிஃபையர் பாக்கெட்டைத் தப்பா தொடுறன்னு தள்ளி விட்டுருச்சு. ஒரு வரி இஃப் கண்டிஷன் போட்டா போயிடும், சொல்லிக் குடுத்திருந்தா அரை நிமிசம். ஆனா மென்ட்டர் அவங்களையே ஒவ்வொரு ரெஜிஸ்டரா என்ன இருக்குன்னு லாக்ல தேட வச்சாரு, சாயங்காலம் அதே பசங்க அடுத்த டீமுக்குப் போயி லாக் வாசிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னொரு டீம் ஸ்டாக்ல (புரோகிராமோட தற்காலிக மெமரி) பெரிய பஃபர் வச்சு மாட்டிக்கிட்டாங்க, மொத்தமே 512 பைட்டுதான் அங்க, ஒவ்வொரு சிபியூவுக்கும் தனியா இருக்குற பெர்-சிபியூ மேப்ல வச்சுக்கச் சொல்லி சரியாச்சு. எக்ஸ்டிபி பண்ற எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, லேப்டாப் வைஃபை கார்டு பெரும்பாலும் நேட்டிவ் மோடுல (டிரைவர்லயே ஓடுறது) சப்போர்ட் பண்ணாது, ஜெனரிக் மோடுல (டிரைவரைத் தாண்டி கர்னல்ல மெதுவா ஓடுறது) ஓடும், அதுல வேகத்தை அளந்து பேசுறதுல அர்த்தம் இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது செக்யூரிட்டி பக்கம் நின்ன ரெண்டு காலேஜ் பொண்ணுங்க பண்ணதுதான். லேப்ல பென்டிரைவ்லேர்ந்து எந்த புரோகிராமும் ஓடக்கூடாது, அதைக் கர்னல்லயே தடுக்கணும். 5.7 கர்னல்ல பிபிஎஃப் எல்எஸ்எம் (கர்னலோட செக்யூரிட்டி செக்குல ஈபிபிஎஃப் புரோகிராமை மாட்டுற வசதி) வந்ததுக்கப்புறம் இது முடியும், ஒரு புரோகிராம் ஆரம்பிக்கிற நேரத்துல இருக்குற ஹுக்குல நின்னு முடியாதுன்னு திருப்பி அனுப்பிடலாம். எழுதிட்டாங்க, வெரிஃபையர் பாஸ், லோடு ஆச்சு, அட்டாச்சும் ஆச்சு, எர்ரர் ஒண்ணும் இல்ல. ஆனா பென்டிரைவ்லேர்ந்து எல்லாம் தாராளமா ஓடுது. மத்தியான சாப்பாட்டைக்கூட விட்டுட்டு உக்காந்து தேடுனாங்க. கடைசியில பாத்தா கர்னல் பூட் ஆகுறப்ப குடுக்குற எல்எஸ்எம் லிஸ்ட்ல பிபிஎஃப் பேரே இல்ல, அதனால ஹுக்கை யாரும் கூப்புடவே இல்ல, பூட்லோடரான கிரப்ல சேத்து ரீபூட் பண்ணதும் டக்குனு தடுத்துச்சு. தடுக்குதுன்னு நம்பிக்கிட்டு இருப்போம், உள்ள ஒண்ணுமே நடக்காது, செக்யூரிட்டில இதைவிட ஆபத்து என்ன இருக்கு? அந்தப் பொண்ணுங்க அதோட விடல, புரோகிராம் ஸ்டார்ட் ஆனதும் முதல்ல அந்த லிஸ்ட்டைப் படிச்சு பிபிஎஃப் இல்லன்னா ஓடாம நின்னுடுற மாதிரி செக்கும் சேத்தாங்க. ஜட்ஜுங்க அதைக் கவனிச்சு முதல் பரிசு குடுத்தாங்க, நியாயமான தீர்ப்பு.

குறைன்னா சிலது இருக்கு, அதையும் சொல்லணும். முன்கூட்டியே என்ன ஏத்திட்டு வரணும்னு ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். உபுண்டு 20.04ல பழைய 5.4 கர்னலோட வந்தவங்களுக்கு பிடிஎஃப் ஃபைலே இல்ல, அரை நாள் அப்கிரேடுக்கே போச்சு. அதுலயும் வைஃபை ரவுட்டரை முகப்புல வச்சுட்டாங்க, அந்தச் சொவரு என்ன கனம்னு நம்ம ஊருக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ரெண்டாங்கட்டுல உக்காந்தவங்களுக்கு சிக்னலே வரல, எல்லாரும் கிளாங் டவுன்லோடு பண்ண வளவுல (உள் முற்றத்துல) வந்து நின்னாங்க. ரெண்டாவது நாள் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வச்சதும் சரியாச்சு. முதல் நாள் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இழுத்துட்டாங்க, தேவகோட்டையிலேர்ந்து வந்த பொண்ணுங்க பஸ்ஸுக்குத் தவிச்சுப் போயிட்டாங்க, சாயங்காலம் ஆறுக்கு முடிக்கிறதா இல்ல வண்டி ஏற்பாடு பண்றதான்னு நடத்துறவங்க முதல்லயே முடிவு பண்ணணும், இதுல சமாதானமே கிடையாது.

லைசென்ஸ் பத்தி யாரும் காலையில பேசாததும் தப்பு. ஓப்பன் சோர்ஸ்னு சொல்லித்தான் கூப்புட்டாங்க, பசங்களும் கிட் ரிப்போல எம்ஐடி லைசென்ஸ் போட்டு அதையே புரோகிராம் உள்ள லைசென்ஸ் வரியிலயும் போட்டுட்டாங்க, கர்னல் குடுக்குற சில ஹெல்ப்பர் ஃபங்ஷன் எல்லாம் ஜிபிஎல் லைசென்ஸ் இருந்தாத்தான் கர்னல் விடும், அதனால லோடு ஆகாம முழிச்சாங்க. ரெண்டு லைசென்ஸும் சேத்துப் போட்டா ஏத்துக்கும். எதை யாருக்கு எந்த உரிமையில குடுக்குறோம்னு ஒரு அரை மணி நேரம் பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும், ஏன்னா அந்த ரெண்டு நாள்ல எழுதுனது நிறைய நல்ல கோடு, ரீட்மீ கூட இல்லாம கெடக்கு இப்ப. நடத்துறவங்க ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்புட்டு அதை முடிச்சுத் தர வைக்கணும்னு கேட்டிருக்கேன்.

சாப்பாடு சொல்லவே வேணாம், பந்தியில இலை போட்டு, சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகா சட்னியும், ரெண்டாவது நாள் கவுனி அரிசி. கட்டணம் எதுவும் வாங்கல.

போறவங்க லேப்டாப்ல புது உபுண்டுவோ ஃபெடோராவோ நேரடியா போட்டுக்கங்க, கிளாங், பிபிஎஃப்டூல், லிப்பிபிஎஃப், பிபிஎஃப்டிரேஸ் எல்லாம் வீட்டுலயே ஏத்திக்கங்க, சி ஓரளவு தெரிஞ்சா போதும், கோ லாங்குவேஜ் தெரிஞ்சவங்களுக்கு சிலியம் புராஜெக்ட் ஆளுங்களோட ஈபிபிஎஃப் லைப்ரரி இருக்கு, ரஸ்ட்டுக்கு அயா இருக்கு. உங்க வேலையில நெஜமா உறுத்துற ஒரு பிரச்சனையைக் கையோட கொண்டு போங்க, அங்க போயி ஐடியா தேடுனவங்கதான் முதல் நாளைத் தொலைச்சாங்க. டீம் இல்லாம தனியா போனாலும் அங்கேயே சேத்து விடுறாங்க. கலந்துக்காம டெமோ மட்டும் பாக்கணும்னா ரெண்டாவது நாள் மத்தியானம் மூணு மணிக்கு மேல யார் வேணா உள்ள வரலாம்.