த்ராட்டில் சென்சார்: உரசும் வகையா, உரசாத வகையா?

இன்ஜினுக்குக் காற்று விடும் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்வதுதான் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வேலை. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, ஸ்பார்க்கை எப்போது விடுவது என்பதையெல்லாம் ஈசியூ முடிவு செய்ய இந்தத் தகவலும் வேண்டும். இதில் பெரும்பாலும் கண்ணில் படுவது இரண்டு வகை: பொட்டென்ஷியோமீட்டர், ஹால் சென்சார்.

முதல் வகையில் மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். தகட்டின் அச்சோடு சேர்ந்து ஒரு சின்ன உலோக முனை கார்பன் தடத்தின் மேல் உரசி நகரும். தகடு மூடியிருந்தால் சிக்னல் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட்டை ஒட்டி வரும்.

வம்பே அந்த உரசலில்தான். யாரும் எந்நேரமும் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து ஓட்டுவதில்லை. ஐடிலுக்குச் சற்று மேலே உள்ள அந்தக் கொஞ்ச இடம்தான் திரும்பத் திரும்பத் தேயும். அப்புறம் என்ன, லேசாக மிதித்தால் வண்டி தயங்கி வெட்டும், அழுத்தி மிதித்தால் சமர்த்தாக ஓடும். சிக்னல் கண நேரமே அறுந்து சேர்வதால் சில சமயம் ஸ்கேனரில் பிழைக் குறியீடுகூட விழாது. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட விடாமல், சிக்னல் வயரில் மீட்டர் வைத்துத் தகட்டை மெதுவாகத் திறந்து பாருங்கள். வோல்டேஜ் சீராக ஏறாமல் எங்கே சட்டென்று விழுகிறதோ, தேய்ந்த இடம் அதுதான். இதற்கு டிஜிட்டலைவிட முள் மீட்டரே மேல். எண் மாறுவதற்குள் அந்தச் சறுக்கல் கடந்துவிடும்.

ஹால் வகையில் அச்சில் காந்தம், எதிரே ஒரு சிப். ஒன்றையொன்று தொடாததால் தடம் தேயும் பேச்சே இல்லை. உழைப்பில் இதுதான் ஒசத்தி. ஆனால் ஓம் மீட்டரை வைத்து இதைச் சோதிக்க முடியாது; சப்ளை கொடுத்து வோல்டேஜ்தான் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இது த்ராட்டில் பாடியின் மூடிக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கிடைக்காது. சென்சார் போனால் பாடியையே மாற்ற வேண்டியதுதான்.

எலக்ட்ரானிக் த்ராட்டிலில் (கேபிளுக்குப் பதில் மோட்டார் தகட்டைத் திறக்கும் அமைப்பு) எந்த வகையானாலும் இரண்டு சிக்னல் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ பவரைக் குறைத்துவிடும்.

நீங்களே கழற்றி மாட்டுகிற ஆளென்றால் பொட்டென்ஷியோமீட்டர்தான் தோது. ஆனால் நம் இஷ்டத்துக்கு ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்ட முடியாது. வண்டியில் என்ன வந்ததோ அதுதான். சில பொட்டென்ஷியோமீட்டர்களில் ஸ்க்ரூ துளை நீள்வட்டமாக இருக்கும். அதை மாட்டும்போது மூடிய நிலை வோல்டேஜைப் பார்த்துச் சரிசெய்த பிறகே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.