அம்மாவை எங்கே காட்டுவது: பெரியாஸ்பத்திரியா, களுவாஞ்சிகுடியா, சனலா?

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப்போன அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அவரை மாதாமாதம் காட்ட மூன்று வழி: பெரியாஸ்பத்திரி என்கிற மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, பின்னேரத்தில் காசு கட்டி டொக்டரைத் தனியாரிடத்தில் பார்க்கிற சனல். மூன்று இடத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பராமரிக்கிற ஆளுக்கு எது தோது என்று பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வருத்தம் வந்த அன்று இந்த யோசனைக்கே இடமில்லை. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மூளையில் இரத்தக் கசிவு இல்லையென்று சிடி ஸ்கேனில் பார்த்த பிறகுதான் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார்கள். வருத்தம் தொடங்கிய நேரத்திலிருந்து 4.5 மணித்தியாலத்துக்குள் அந்த ஊசியைப் போட வேண்டும். அதனால் வீட்டார் முதலில் சொல்ல வேண்டியது, கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நல்லாயிருந்தார் என்பதை. ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்க்கும்வரை வாயில் தண்ணியோ குளிசையோ கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும்.

மாதக் கிளினிக் வேறு விஷயம். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன், நரம்பு, இருதயம், கண் எல்லாம் ஒரே வளவுக்குள். ஆனால் நடக்க முடியாத ஆளை விடியப்புறம் எழுப்பி, வாகனம் பிடித்து, நம்பர் எடுத்து, வாங்கில் இருத்திவைக்கிற பாட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் அப்படி இருக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்தேன், வேர்த்துக் குளிர்ந்து கிடந்தது. வெறுவயிற்று இரத்தப் பரிசோதனைக்கென்று சாப்பிடாமல் வந்தவர், வழமைபோலக் காலைச் சீனிக் குளிசையை மட்டும் போட்டிருந்தார். இரத்தத்தில் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கிய ஆளுக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. வெறுவயிற்றோடு வரச் சொன்னால், காலைக் குளிசையையும் ஊசியையும் எப்போது போடுவது என்பதை முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். இப்போது என் பையில் எந்நேரமும் சீனியும் பிஸ்கட்டும் இருக்கும்.

களுவாஞ்சிகுடி எங்களுக்குக் கிட்ட. மண்டூர்த்துறையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறினால் குருமண்வெளி, அங்கிருந்து ஓட்டோவில் கொஞ்சத் தூரம். பெரிய ஸ்கேன் ஏதும் தேவைப்பட்டால் மட்டக்களப்புக்குத் துண்டு எழுதித் தருவார்கள். பிரஷரும் சீனியும் கட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு மாதாமாதம் அதற்குமேல் என்ன வேண்டும்? போக்குவரத்து லேசாக இருந்தால்தான் கிளினிக் தவறாது, கிளினிக் தவறாவிட்டால்தான் மருந்தும் தவறாது. மாரியில் வெள்ளம் வந்து வழி அடைபடும் என்பதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி, கையில் மருந்து முடியாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

சனலில் நேரம் கிடைக்கும். ஆறுதலாக இருந்து கேட்கலாம். அங்கே இருக்கிறவர்களில் அனேகர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற டொக்டர்மார்தான். ஆனால் சனல் காசு, மருந்துக் காசு, டெஸ்ட் காசு என்று மாதாமாதம் எந்தக் கூலிக் குடும்பம் தாங்கும்?

காசை விடப் பெரிய ஆபத்தை நான் சனலில்தான் கண்டேன். மருந்து விபரம் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். புது மருந்து எழுதினார்கள், வாங்கி வந்தோம். நாலாம் நாள் கட்டிலை விட்டு எழும்பிய அம்மா தலைசுற்றிச் சரிந்தார். இரண்டு மருந்தையும் மேசையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கிளினிக்கில் தந்த பிரஷர் குளிசையின் கடதாசி உறையில் லொசாட்டன் 50 என்று பேனையால் எழுதியிருந்தது. சனல் பெட்டியில் கொட்டை எழுத்தில் வேறொரு பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதே லொசாட்டன். ஒரே மருந்தை இரண்டு பெயரில் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

அதனால் என் தெரிவு களுவாஞ்சிகுடிதான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே மட்டும். பெரியாஸ்பத்திரிக்கு அவர்கள் அனுப்பும்போது போவோம். மனம் கேளாமல் சனலுக்குப் போனால் கொப்பியையும் வீட்டிலுள்ள அத்தனை குளிசையையும் ஒரே பையில் கொண்டுபோய், "இதில எதை நிப்பாட்ட வேணும்?" என்று கேட்டு எழுதி வாங்குவேன். கட்டிலோடு கிடக்கிற ஆள், புண் ஆறாத கால், புதிதாக வலிப்பு என்றால் கணக்கு மாறும். அப்போது தூரம் பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்கே போங்கள்.

அடுத்த கிளினிக்குக்குக் கேட்க வேண்டியவற்றை நேற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்குகிற குளிசை சிறுநீரகத்துக்குக் கூடாதா, இரவில் எழும்பினால் தலைசுற்றுவது எதனால் என்று இரண்டு கேள்வி. அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னேரத்தில கால் வீங்குது மனே, அதையும் எழுது."

மூன்றாவதாக அதை எழுதினேன்.